பழுப்பு அந்துப்பூச்சி ஒன்றை இனம் காண்பது எப்படி: புரோடீனியாவை இலையிலிருந்து சிறகு வரை பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

மழை விட்ட இரவில் வாசல் விளக்கைச் சுற்றிவந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பூச்சிகளில் பல பழுப்பு நிறமானவை. அவற்றில் ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து, இது என்ன பூச்சி என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் ஊகங்களாகவே இருக்கின்றன. மண்ணோடும் சருகோடும் கலந்து மறைவதற்கு உதவும் அந்தப் பழுப்பு நிறம் எண்ணற்ற இனங்களுக்குப் பொதுவானது என்பதே அதற்குக் காரணம். இந்த வழிகாட்டி அவற்றுள் ஒரே ஓர் இனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு உழவர்கள் புரோடீனியா என்றும், புகையிலைப் புழு என்றும், புகையிலை வெட்டுப்புழு என்றும் அழைக்கும் புழு வளர்ந்து சிறகு பெற்ற வடிவம் அது. நிலக்கடலை, பருத்தி, உளுந்து, ஆமணக்கு, மிளகாய், முட்டைக்கோசு ஆகியவற்றுள் எதைப் பயிரிடுபவரும் என்றேனும் ஒருநாள் இதனைச் சந்தித்தே தீருவார்.

பலரும் விளக்கடியில் கிடைத்த பூச்சியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல முயல்கிறார்கள். இலையிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் கருத்து. இந்த இனத்தின் நான்கு பருவங்களில் மிக எளிதில் ஏமாற்றக்கூடியது சிறகு முளைத்த பருவம்தான். சிறகின் செதில்கள் உதிர்ந்துவிடுகின்றன, நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது, ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முட்டைக் குவியலோ, உண்ணப்பட்ட இலையோ, மண்ணுக்குள் கிடக்கும் கூடோ அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

முதற்படி: பெயரையும் எல்லையையும் தெளிவாக்கிக்கொள்ளுதல்

இதன் அறிவியல் பெயர் ஸ்போடோப்டெரா லிட்டுரா. நாக்டுயிடே என்னும் பெரிய அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ் இதனை 1775-ஆம் ஆண்டில் விவரித்தார். 'லிட்டுரா' என்ற இலத்தீன் சொல்லுக்கு, எழுதியதை அழிக்கும்போது படியும் தீற்றல் என்று பொருள். முன்சிறகில் குழம்பிக் கிடக்கும் கோடுகளைப் பார்த்தவர்களுக்கு அது பொருத்தமான பெயராகவே தோன்றும். இடையில் நெடுங்காலம் இது புரோடீனியா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அறிவியல் உலகம் அந்தப் பெயரைக் கைவிட்ட பின்னரும் உரக்கடைகளிலும் வயல்களிலும் அதுவே நிலைத்துவிட்டது.

தெற்காசியா தொடங்கி சீனா, ஜப்பான், தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இந்த இனம் பரவியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஸ்போடோப்டெரா லிட்டோராலிஸ் என்ற இரட்டைப் பிறவி போன்ற இனம் உண்டு. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. இனப்பெருக்க உறுப்புகளை அறுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பார்ப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பூச்சி கிடைத்த இடமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆகவே எந்தப் பூச்சியைக் குறித்துக்கொண்டாலும், ஊர், தேதி, அது இருந்த செடி ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேவைப்படும் கருவிகள் மிகக் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறித்த சிறிய அளவுகோல், கைவிளக்கு, வாயில் துணி கட்டக்கூடிய அகலமான பிளாஸ்டிக் டப்பா, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

இந்தப் பூச்சிக்குக் காடு தேவையில்லை. பாசனம் பெறும் வயல், காய்கறித் தோட்டம், நாற்றங்கால், வரப்போரத்தில் தானாக முளைத்த ஆமணக்கு ஆகியவையே அதன் வாழிடம். நாற்பதுக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த நூற்றிருபதுக்கும் அதிகமான தாவரங்களை இதன் புழு உண்ணும். வேதாரண்யம், திண்டுக்கல் பகுதிகளில் புகையிலை பயிரிடுவோர் நாற்றங்காலிலேயே இதனை அறிவார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் நிலக்கடலை பயிரிடுவோர் இலைகளில் தோன்றும் வெண்திட்டுகளைக் கொண்டு அறிவார்கள். சேப்பங்கிழங்கு, வாழை, சர்க்கரைவள்ளி, சூரியகாந்தி, தக்காளி, கீரை வகைகள் என எதையும் இது விட்டுவைப்பதில்லை. ஆகவே எந்தச் செடியில் இருந்தது என்பதை மட்டும் வைத்து இந்த இனத்தை உறுதி செய்ய முடியாது.

தேடத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் ஆமணக்கு. அதன் அகன்ற இலைகளைத் தாய்ப்பூச்சி பெரிதும் விரும்புகிறது. நிலக்கடலை வயலின் ஓரங்களில் ஆமணக்கைப் பொறிப்பயிராக, அதாவது பூச்சியைத் தன்பக்கம் இழுத்து முதன்மைப் பயிரைக் காக்கும் பயிராக, விதைக்கும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. காலை வெயில் ஏறுவதற்கு முன் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்றாம் படி: முட்டைக் குவியலைப் படித்தல்

இலையின் அடியில் ஏறத்தாழ 4 முதல் 7 மி.மீ. அகலத்தில், வெளிர்பழுப்பு நிறக் கம்பளித் துணுக்கு ஒட்டியதுபோல் ஒரு திட்டு தென்படும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு. கைலென்சில் பார்த்தால், ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. விட்டமுள்ள உருண்டை முட்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதும், அவற்றின்மீது மெல்லிய மயிர்ச் செதில்கள் போர்த்தப்பட்டிருப்பதும் தெரியும். இந்தப் போர்வை தாய்ப்பூச்சியின் வயிற்று நுனியிலிருந்து உதிர்ந்தது. ஒரு குவியலில் சில நூறு முட்டைகள் இருக்கும்; ஒரு பெண்பூச்சி தன் குறுகிய வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கு மேல்கூட முட்டையிடக் கூடும்.

பச்சைக் காய்ப்புழு எனப்படும் ஹெலிகோவெர்பாவின் தாய்ப்பூச்சியும் பழுப்பு நிறமே; ஆனால் அது முட்டைகளைத் தனித்தனியாக, போர்வை எதுவும் இல்லாமல் இடுகிறது. நிலக்கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்புழுவின் முட்டைகள் குவியலாக இருந்தாலும் மயிர்ப் போர்வை அற்றவை. மாறாக, நெல் இலையின் நுனிக்கு அருகே மயிர் போர்த்திய குவியல் இருந்தால், அது பெரும்பாலும் மஞ்சள் தண்டுத்துளைப்பானுடையது. மக்காச்சோளத்தில் இருந்தால் அமெரிக்கன் படைப்புழுவாகவும் இருக்கலாம். அதுவும் இதே பேரினத்தைச் சேர்ந்ததால் தன் முட்டைகளைப் போர்த்தும் பழக்கம் அதற்கும் உண்டு. ஆக, போர்த்திய குவியல் நம்மைப் பேரினம் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இனத்தை உறுதி செய்யப் புழுவைப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: புழுவைப் பின்தொடர்தல்

வெப்பமான நாட்களில் மூன்று அல்லது நான்கு நாட்களில் முட்டைகள் பொரிந்துவிடும். அப்போது புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெளிறிய பச்சை உடலும் கருந்தலையும் கொண்ட இந்தக் குஞ்சுப்புழுக்கள் கூட்டமாக நின்று, இலையின் அடிப்பகுதியிலுள்ள பச்சையத்தைச் சுரண்டி உண்ணும். மேல்தோலும் நரம்புகளும் மட்டும் எஞ்சுவதால் அந்த இலை எண்ணெய்த் தாள்போல் வெளிறி, பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் படும். புரோடீனியாவைக் கண்டறிய இதைவிட நம்பகமான வெளி அடையாளம் வயலில் வேறில்லை என்பேன். அத்தகைய ஓர் இலையைத் திருப்பினால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் இருப்பதைக் காணலாம். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அவை வயல் முழுவதும் கலைந்துவிடும்.

மூன்றாம் வளர்நிலையிலிருந்து அவை பிரியத் தொடங்கி, இலைகளில் ஓட்டையிட்டு உண்கின்றன. மொத்தம் ஆறு வளர்நிலைகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒருமுறை தோலுரிக்கும். வெப்பநிலையைப் பொறுத்து ஏறத்தாழ 15 முதல் 23 நாட்கள் வரை புழுப்பருவம் நீடிக்கும். முதிர்ந்த புழுக்கள் பகலில் மண்வெடிப்பிலும் சருகுகளின் அடியிலும் பதுங்கியிருந்து, இருட்டிய பின் ஏறிவந்து உண்பதால், காலையில் இலை குறைந்திருப்பது தெரிகிறதே தவிரப் புழு தெரிவதில்லை. அப்போது செடியின் அடியில் கறுத்த எச்சமணிகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்குடன் அதே இடத்துக்கு வாருங்கள்.

முழுவளர்ச்சி பெற்ற புழு 40 முதல் 45 மி.மீ. நீளம் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள். ஒரே குவியலில் பிறந்த புழுக்களிலேயே சாம்பல் கலந்த கருமை, கரும்பச்சை, செம்பழுப்பு என வேறுபாடுகள் இருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, உடலில் நீண்ட மயிர்கள் இல்லாமல் வழுவழுப்பாக இருத்தல். இரண்டாவது, முதுகின் நடுவிலும் பக்கங்களிலும் ஓடும் மஞ்சள் நிறக் கோடுகள். மூன்றாவதும் முதன்மையானதும், முதுகின் இருபுறமும் கணுவுக்குக் கணு அமைந்திருக்கும் பிறைவடிவக் கரும்புள்ளிகள். இவற்றில் வயிற்றுப் பகுதியின் முதல் கணுவிலும் எட்டாம் கணுவிலும் உள்ள இணைப்புள்ளிகள் மற்றவற்றைவிடப் பெரியவை. முதல் கணுவில் அவை பக்கவாட்டுக் கோட்டையே குறுக்கிட்டு மறைத்துவிடுகின்றன. முன்புறம் ஓர் இணையும் பின்புறம் ஓர் இணையுமாகக் கரும்புள்ளிகள் எடுப்பாகத் தெரிந்தால், அது புரோடீனியா என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

அமெரிக்கன் படைப்புழுவின் முகத்தில் தலைகீழான ஒய் எழுத்தைப் போன்ற வெளிறிய கோடு தெளிவாக இருக்கும். அதன் வால்புறத்தில், எட்டாம் வயிற்றுக் கணுவில், நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இந்தியாவில் 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளத்தில் முதலில் அறியப்பட்ட இந்தப் புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் பரவியது. அதற்குப் பிறகு இரண்டையும் குழப்பிக்கொள்வது அதிகமாகிவிட்டது. ஆமணக்கில் முதுகை வளைத்து வளைத்து நடக்கும் புழு கிடைத்தால் அது காவடிப்புழு. புரோடீனியா அவ்வாறு நடப்பதில்லை.

ஐந்தாம் படி: மண்ணுக்குள் பார்த்தல்

உண்பதை நிறுத்திய புழு உடல் சுருங்கி மண்ணுக்குள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணாலேயே ஓர் அறை அமைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாக மாறுகிறது. பட்டுப்புழுவைப்போல் நூல்கூடு நெய்வதில்லை. கூட்டுப்புழு 15 முதல் 20 மி.மீ. நீளத்தில் செம்பழுப்பாக, மினுமினுப்பாக இருக்கும். வால்நுனியில் இரண்டு சிறு முட்கள் இருக்கும். ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை வாரத்தில் பூச்சி வெளிவரும். நம் சமவெளிகளின் வெப்பத்தில் இந்த இனத்துக்கு நீண்ட உறக்கப் பருவம் கிடையாது. உணவு இருக்கும்வரை தலைமுறைக்குப்பின் தலைமுறை ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். அறுவடை முடிந்த வயலைக் கோடையில் உழும்போது கலப்பைக்குப் பின்னால் நாரைகளும் மைனாக்களும் வருவதற்கு இந்தக் கூட்டுப்புழுக்களும் ஒரு காரணம்.

ஆறாம் படி: வளர்த்துப் பார்த்து உறுதி செய்தல்

இந்தப் படியை யாரும் தவிர்க்க வேண்டாம். குவியல் ஒட்டிய இலையைக் காம்போடு வெட்டி, காம்பின் முனையில் ஈரப்பஞ்சைச் சுற்றி டப்பாவில் வையுங்கள். பொரிந்த பிறகு நாள்தோறும் புதிய ஆமணக்கு இலை தர வேண்டும். மருந்து தெளித்த செடியிலிருந்து எடுத்த இலை ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்றுவிடும். எச்சத்தை அன்றாடம் அகற்றி, டப்பாவின் உள்ளே நீர்த்துளி படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் தேங்கினால் நோய் பரவும். புழுக்கள் வளர வளரக் கூட்டத்தைக் குறைத்துப் பத்துப் பதினைந்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தாம் வளர்நிலைக்குப் பின் டப்பாவின் அடியில் சலித்த, சற்றே ஈரமான மண்ணை மூன்று விரற்கடை உயரத்துக்கு இடுங்கள். இறங்கிய நாளைக் குறித்து வையுங்கள்.

கூட்டுப்புழு கெட்டிப்பட்ட பின் மெல்ல எடுத்து அதன் அடிப்புறத்தைக் கைலென்சில் பார்த்தால், அது ஆணா பெண்ணா என்பதையும் அறியலாம். பெண்ணின் இனப்பெருக்கத் துளை எட்டாம் வயிற்றுக் கணுவிலும், ஆணின் துளை ஒன்பதாம் கணுவிலும் இருக்கும். வெளிவரும் பூச்சி தொங்கிச் சிறகை விரிப்பதற்காக, சொரசொரப்பான தாள் ஒன்றை டப்பாவின் உட்சுவரில் ஒட்டிவையுங்கள். பற்றிக்கொள்ள இடமில்லாத பூச்சியின் சிறகு கசங்கியே காய்ந்துவிடும். இப்படி வெளிவந்த பூச்சி, செதில் ஒன்றும் உதிராதது. இனி விளக்கடியில் கிடைப்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உரைகல்.

ஏழாம் படி: சிறகைப் படித்தல்

பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் சில நிமிடங்கள் வைத்தால் சோர்ந்து அசையாமல் இருக்கும். அதற்குத் தீங்கு நேராது. உடல் நீளம் 15 முதல் 20 மி.மீ., சிறகுகளை விரித்த அகலம் 30 முதல் 38 மி.மீ. என்று அளவுகோலில் வருகிறதா என்று பாருங்கள். ஓய்வில் இருக்கும்போது சிறகுகளைக் கூரைபோல் உடலின்மேல் சரித்து வைத்திருக்கும்.

முன்சிறகு சாம்பல் கலந்த பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். அதன்மேல் வெளிறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். நடுப்பகுதியில் நரம்புகளை ஒட்டி வெண்கோடுகள் கிளைபோலப் பிரிவதைத் தேடுங்கள். ஆணின் முன்சிறகில் அடிப்பகுதியிலும் நுனியிலும் நீலம் கலந்த சாம்பல் திட்டுகள் காணப்படும். பெண்ணில் பழுப்பே மிகுந்திருக்கும். அடுத்து, ஒரு மெல்லிய தூரிகையால் முன்சிறகைச் சற்றே முன்தள்ளிப் பின்சிறகைப் பாருங்கள். அது வெள்ளையாக, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் தன்மையுடன், ஓரத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கரையோடு இருக்கும். மூடிய சிறகுடன் எடுத்த படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்பவர்களுக்குச் சரியான விடை கிடைக்காமல் போவது, இந்தப் பின்சிறகு படத்தில் இல்லாததால்தான்.

ஹெலிகோவெர்பாவின் முன்சிறகு வைக்கோல் நிறம் கலந்த வெளிர்பழுப்பு. அதில் கோட்டுப் பின்னல் இல்லை, சிறுநீரக வடிவில் ஒரு கரும்புள்ளி மட்டும் தெளிவாக இருக்கும். பின்சிறகின் வெளியோரத்தில் அகன்ற கரும்பட்டை ஓடும். அமெரிக்கன் படைப்புழுவின் ஆண்பூச்சிக்கு முன்சிறகின் நுனியருகே வெண்திட்டு உண்டு. அதன் பெண்பூச்சியோ அடையாளம் எதுவும் எடுப்பாக இல்லாத சாம்பல் பழுப்பு. ஆமணக்குக் காவடிப்புழுவின் பூச்சி இவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. அதன் கறுத்த பின்சிறகில் வெண்பட்டையும் ஓரத்தில் வெண்புள்ளிகளும் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. செதில் முழுவதும் உதிர்ந்த பூச்சியாக இருந்தால், 'ஸ்போடோப்டெரா, இனம் உறுதியில்லை' என்று எழுதி வைப்பதே நேர்மை.

எட்டாம் படி: இரவிலும் பொறியிலும் கண்காணித்தல்

வெள்ளைத் துணியைக் கட்டி அதன் முன் விளக்கேற்றி வைப்பவர்கள் அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது; நிலவொளி மிகுந்த இரவில் விளக்குக்கு வரும் பூச்சிகள் குறையும். இந்த இனத்தை மட்டும் தேடுவோருக்கு இனக்கவர்ச்சிப் பொறியே சிறந்தது. பெண்பூச்சி வெளியிடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து ரப்பர் துண்டில் ஏற்றி, ஸ்போடோலூர் என்ற பெயரில் விற்கிறார்கள். ஏக்கருக்கு ஐந்து பொறிகள் வைப்பது பொதுவான பரிந்துரை. ஹெலிகோவெர்பாவுக்கான ஹெலிலூரை மாற்றி வாங்கிவந்து வைத்தால் பொறி காலியாகவே இருக்கும். வயலில் பூச்சியே இல்லை என்று அதைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது.

பொதுவாக எல்லா அந்துப்பூச்சிகளையும் 'தாய் அந்துப்பூச்சி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தப் பொறியில் விழுபவை அனைத்தும் தந்தையரே. பெண்ணின் மணத்தைத் தேடி ஆண்கள் மட்டும்தான் வரும். ஆகவே பொறியின் எண்ணிக்கை, முட்டையிடல் தொடங்கப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு மட்டுமே. பூச்சி வெளிவந்த ஓரிரு நாட்களிலேயே முட்டையிடத் தொடங்கிவிடுவதால், எண்ணிக்கை திடீரென உயர்ந்த மறுநாளே ஆமணக்கு இலைகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

இனம் உறுதியான பின்

இவ்வளவு பாடுபட்டுப் பெயரைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று உழவர் ஒருவர் கேட்டால், அதற்கு நேரான விடை உண்டு. ஹெலிகோவெர்பாவின் முட்டைகளை அழிக்கப் பயன்படும் டிரைக்கோகிரம்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவி, புரோடீனியாவின் மயிர்ப் போர்வைக்கு அடியிலுள்ள முட்டைகளை எளிதில் எட்டுவதில்லை. இதற்கு டெலினோமஸ் ரெமஸ் என்னும் வேறொரு குளவியினமே பொருத்தமானது. இந்தியாவில் 2002-இல் அனுமதிக்கப்பட்ட முதல் பிடி (Bt) பருத்தியில், அதாவது புழுக்கொல்லிப் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பருத்தியில், இருந்த ஒற்றைப் புரதம் காய்ப்புழுக்களைத் தாக்கிய அளவுக்குப் புரோடீனியாவைத் தாக்கவில்லை. 2006-இல் வந்த இரண்டு புரதங்கள் கொண்ட இரகமே இதன்மேல் ஓரளவு வேலை செய்தது. என்.பி.வி. எனப்படும் நச்சுயிரிக் கரைசலும் அப்படியே. ஹெலிகோவெர்பாவுக்கான கரைசலைத் தெளித்தால் புரோடீனியாவுக்கு ஒன்றும் ஆகாது.

சரியான கரைசலை, எக்டருக்கு 250 புழுச்சமன் (ஒரு புழுச்சமன் என்பது நோயுற்ற ஒரு முதிர்ந்த புழுவிலிருந்து கிடைக்கும் நச்சுயிரி அளவு) என்ற கணக்கில், வெயில் தாழ்ந்த மாலையில் தெளிக்க வேண்டும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்துவிடும். இளம்புழுக்களில்தான் இது நன்கு வேலை செய்யும். ஆகவே வெளிறிய இலைகள் தென்படும் அந்தச் சில நாட்களே தெளிப்பதற்கான காலம். சில நாட்களுக்குப் பின், நோயுற்ற புழுக்கள் செடியின் உச்சிக்கு ஏறி, பின்கால்களால் இலையைப் பற்றியபடி தலைகீழாகத் தொங்கும். தொட்டால் தோல் கிழிந்து உள்ளிருப்பது நீராக வடியும். பனியும் ஈரமும் மிகுந்த நாட்களில் உடல் விறைத்து, வெண்மை படர்ந்து, பின்னர் வெளிர்பச்சைப் பொடி போர்த்தியதுபோல் காய்ந்து நிற்கும் புழுக்களும் கண்ணில் படலாம். அவற்றைக் கொன்றது பூஞ்சை. இரண்டையும் பொறுக்கி அழித்துவிடாமல் செடியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றிலிருந்துதான் நோய் அடுத்த புழுக்களுக்குப் பரவும்.